கையை விடுங்கள், காலைப் பாருங்கள்: பேட்மிண்டன் பழகத் தொடங்குவோரின் தவறுகள்

விளையாட்டுப் பொருள் கடையில் சற்று நேரம் நின்று கவனியுங்கள். பேட்மிண்டன் பழக முடிவு செய்தவர் மட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வீசிப் பார்ப்பார், எடை கேட்பார், நரம்பை விரலால் சுண்டிப் பார்ப்பார். அரை மணி நேரம் இப்படிப் போகும். காலணியைப் பற்றி ஒரு கேள்விகூட வராது. ஓட்டப் பயிற்சிக்கு வாங்கியதுதான் வீட்டில் இருக்கிறதே!

முதல் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது, நானும் செய்ததுதான். ஓட்டக் காலணி முன்னோக்கி ஓடுவதற்காகச் செய்யப்பட்டது. குதிகால் பகுதி தடித்து, மெத்தென்று, உயர்ந்து நிற்கும். பேட்மிண்டனிலோ பக்கவாட்டில் பாய வேண்டும், பாய்ந்த வேகத்தில் சட்டென்று நிற்க வேண்டும். அந்த உயரமான அடிப்பாகம் சாய்ந்தால் கணுக்காலும் கூடவே மடங்கும். எனக்கு இரண்டாம் வாரமே மடங்கியது; அதன்பின் இருபது நாள் நொண்டல். உள்ளரங்கக் காலணி என்று கேட்டு வாங்குங்கள். அதன் அடி தட்டையாக, தரையைப் பற்றும் ரப்பரால் ஆகியிருக்கும்.

மட்டைக்கு இவ்வளவு யோசனை தேவையில்லை. 80 முதல் 85 கிராம் எடைக்குள் ஒன்று, நரம்பின் இறுக்கம் 20 முதல் 23 பவுண்டு, போதும். போட்டிகளில் ஆடுகிறவர்கள் 28 பவுண்டுக்கு மேல் கட்டுகிறார்களே என்று பார்த்துக் கட்டினால், மட்டையில் நன்றாகப் படும் இடம் சுருங்கிப்போகும், தோள் வலிக்கும், பந்து பாதி தூரம்கூடப் போகாது.

இனி ஆடுகளத்துக்குள் வருவோம். ஒற்றையர் ஆட்டத்தில் நம் பக்கம் 6.7 மீட்டர் நீளம், 5.18 மீட்டர் அகலம். நடுவில் நின்றால் எந்த மூலையும் நாலே கால் மீட்டருக்குள் இருக்கிறது. கையும் மட்டையும் நீளும் தூரத்தைக் கழித்தால் மிஞ்சுவது மூன்று எட்டு. மூன்று எட்டில் அடங்கும் இடத்தில் ஏன் இப்படி மூச்சு வாங்குகிறது? முதல் எட்டைத் தாமதமாக வைப்பதால்தான். புதியவர்கள் பலர் முழங்காலை விறைத்து, பாதம் முழுவதையும் தரையில் பதித்து, பஸ்ஸுக்குக் காத்திருப்பவரைப் போல நிற்கிறார்கள். பந்து எங்கே போகிறது என்று பார்த்த பிறகு காலை எடுப்பதற்குள் பந்து தரையில் கிடக்கிறது.

கிளித்தட்டில் கோட்டைக் காத்து நின்றவர்களுக்கு இதைச் சொல்லித் தரவே வேண்டாம். முழங்கால் லேசாக மடங்கி, உடல் பாரம் முன்பாதத்தில் இருக்க, எந்தப் பக்கமும் பாயத் தயாராக நிற்பார்கள். பேட்மிண்டனில் அதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்: எதிராளி பந்தை அடிக்கும் கணத்தில் ஒரு சிறிய துள்ளல். கால்கள் அகன்று தரையைத் தொடும்போதே அடுத்த திசைக்கு உந்த வேண்டும். உயரத் துள்ளுவது தவறு; காற்றில் மிதந்துகொண்டிருக்கும்போது எந்தப் பக்கமும் போக முடியாது. ஓர் அங்குலம் போதும்.

தவறுகளில் ஆபத்தானது எது என்று கேட்டால், பின்னோக்கி ஓடுவது என்பேன். தலைக்கு மேல் பந்து போகிறது. மார்பை வலைக்கு நேராகவே வைத்துக்கொண்டு, குதிகால் குதிகாலாகப் பின்னால் ஓடுகிறார்கள். ஒன்று, தடுக்கி மல்லாந்து விழுவார்கள். அல்லது பந்தின் அடியில் வளைந்து நின்று, பலமே இல்லாத ஓர் அடி அடிப்பார்கள். செய்ய வேண்டியது இதுதான்: வலக்கைக்காரர் முதலில் வலது காலைப் பின்னால் எடுத்து வைத்து, இடுப்பைத் திருப்பிப் பக்கவாட்டில் நிற்க வேண்டும்; பிறகு ஒரு கால் மற்றொரு காலைத் துரத்துவதுபோல் நகர வேண்டும். நடுத்தர வயதில் ஆடத் தொடங்குகிறவர்கள் இந்த இடத்தில் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். பின் மூலையிலிருந்து முன்னால் வர உந்தும்போது குதிகால் நாண் அறுந்துபோவது பேட்மிண்டனில் நன்கு அறியப்பட்ட காயம். அலுவலக நாற்காலியிலிருந்து எழுந்து நேராக ஆடுகளத்துக்குள் இறங்காதீர்கள். பத்து நிமிடமாவது மெல்ல ஓடி, பக்கவாட்டில் நகர்ந்து, உடம்பு சூடான பிறகு ஆடுங்கள்.

வலையருகே நீட்டி வைக்கும் எட்டில் குதிகால்தான் முதலில் தரையைத் தொட வேண்டும். கால்விரல் நுனி நாம் போகிற திசையைப் பார்க்க வேண்டும், முழங்கால் விரல்களின் நேரே மடங்க வேண்டும். முழங்கால் உள்பக்கமாகச் சரிந்தால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது; ஒரு மாதம் கழித்து மாடிப்படி ஏறும்போது தெரியும்.

கை விஷயத்துக்கு வருகிறேன், வராமல் முடியாது. மட்டையின் முகம் வலையைப் பார்க்க, தோசைத் திருப்பியைப் பிடிப்பதுபோல் பிடிக்கிறார்கள். கை குலுக்குவதுபோல் பிடியுங்கள். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஆங்கில ‘வி’ எழுத்தைப் போல விரிய வேண்டும். பிடி தளர்ந்தே இருக்கட்டும், பந்து படும் கணத்தில் மட்டும் இறுகட்டும். “மணிக்கட்டை ஆட்டு” என்று பக்கத்தில் நின்று சொல்லித் தருகிறவர்களை நம்பாதீர்கள். பூட்டில் சாவியைத் திருப்புவதுபோல் முன்கை சுழல்வதில்தான் வேகம் பிறக்கிறது. இந்திய இரட்டையர் ஆட்டக்காரர் சாத்விக்சாய்ராஜ் ராங்கிரெட்டி 2023ஆம் ஆண்டு மணிக்கு 565 கிலோமீட்டர் வேகத்தில் அடித்து கின்னஸில் இடம்பெற்றார். மணிக்கட்டை மட்டும் ஆட்டி அந்த வேகத்தின் பக்கத்தில்கூட யாராலும் போக முடியாது.

தலைக்கு மேல் அடிக்கும் அடி, கல்லெறிந்து மாங்காய் வீழ்த்துவதன் உடன்பிறப்பு. வலக்கைக்காரருக்கு இடது தோள் முன்னால், முழங்கை உயர்ந்து, இடுப்பு திரும்பிய பிறகே கை வரும். அடுக்குமாடிக் குடியிருப்பில் வளரும் பிள்ளைகள் பலர் எதையும் ஓங்கி எறிந்ததே இல்லை. முழங்கையைத் தாழ்த்தி, பந்தைத் தள்ளிவிடுகிறார்கள். அவர்களிடம் மட்டையை வாங்கி வைத்துவிட்டு, பழைய டென்னிஸ் பந்தைக் கொடுத்துப் பின்கோட்டிலிருந்து வலையைத் தாண்டி எறியச் சொல்லுங்கள். இரண்டு வாரம் எறிந்தால் பாதி பாடம் முடிந்தது.

சிறு பிள்ளையிடம் பெரியவர்களின் மட்டையையும் இறகுப்பந்தையும் கொடுத்து, “கவனமே இல்லை” என்று திட்டுவதும் உண்டு. கவனத்தில் குறையில்லை, பந்தின் வேகம் பிள்ளையின் வயதுக்குப் பொருந்தவில்லை. டென்னிஸில் 2012 முதல் பத்து வயதுக்கு உட்பட்டோர் போட்டிகளில் வேகம் குறைந்த பந்துகளே அனுமதிக்கப்படுகின்றன. பேட்மிண்டனுக்குப் பலூனை விட நல்ல தொடக்கம் இல்லை. அது மெதுவாக இறங்கும். ஓடிப் போய் அதன் அடியில் நிற்கப் பிள்ளைக்கு நேரம் கிடைக்கும்.

இரட்டையர் ஆட்டத்தில் ஒரு தவறுக்கு மன்னிப்பே இல்லை. முன்னால் நிற்பவர், தன் இணை எப்படி அடிக்கிறார் என்று திரும்பிப் பார்ப்பது. இணை அடித்த பந்தோ, எதிராளி திருப்பி அடித்த பந்தோ அந்த நொடியில் கண்ணில் பட்டால் பார்வையே போகக்கூடும். கண்குழிக்குள் நுழையும் அளவுதான் பந்தின் கார்க் முனை. மட்டையை முகத்துக்கு முன்னால் உயர்த்திப் பிடித்து, எதிராளிகளையே பாருங்கள். பின்னால் இருப்பவர் அடித்துவிட்டாரா என்பது சத்தத்திலேயே தெரிந்துவிடும்.