தாத்தா பெட்டியில் பழைய கைத்துப்பாக்கி கிடைத்தால்

பினாங்கு ஜார்ஜ்டவுன் பக்கம் பழைய வீட்டைக் காலி செய்யும்போது பரணில் ஒரு பழைய ரிவால்வர் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து விசையை இழுத்துப் பார்க்காதீர்கள்.

1880களுக்கு முந்திய துப்பாக்கிகள் கருமருந்துக்காக, அதாவது அந்தக் காலத்துக் கரிய வெடிமருந்துக்காகச் செய்யப்பட்டவை. இன்றைய புகையில்லா வெடிமருந்து தரும் அழுத்தத்தை அந்த இரும்பு தாங்காது. குழலோ, தோட்டாக்கள் இருக்கும் உருளையோ சுடுபவர் கையிலேயே சிதறலாம். வெளியே பளபளப்பாக இருந்தாலும் உள்ளே துரு அரித்திருக்கும், நம் ஊர் ஈரக்காற்றைக் கேட்கவே வேண்டாம். இன்னொன்று, பலருக்கும் தெரியாதது: ஈரம் படாத கருமருந்து நூறு வருஷம் ஆனாலும் வெடிக்கும். குழலின் வாய்வழியாக வெடிமருந்து திணிக்கும் துப்பாக்கியில் அது உள்ளேயே இருக்கலாம், வெளியே ஒன்றும் தெரியாது. சில பழைய ரிவால்வர்கள் கீழே விழுந்தாலே சுட்டுவிடும், ஏனெனில் தோட்டாவை அடிக்கும் சுத்தியல் நேராகத் தோட்டாவின் மேல் படிந்திருக்கும்.

சரி, என்ன செய்வது? கிடைத்த இடத்திலேயே விடுங்கள், பிள்ளைகளை அப்பால் அனுப்புங்கள், 999க்கு அழையுங்கள். நீங்களே காரில் வைத்துக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும்.