ஊரில் பயோ படித்துவிட்டுக் கனடா வந்தவர்களுக்கு: கல்லூரியில் முதல் மனித உயிரியல் பாடம்

ஒன்ராறியோவில் படித்து, வேலையும் பார்த்துவிட்டு இப்போது மட்டக்களப்பு கல்லடியில் ஊரோடு இருக்கிறேன். அங்கே புதிதாகப் போய் இறங்கும் நம்ம பிள்ளைகள், வாழைச்சேனை, ஏறாவூர், களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் என்று எந்தப் பக்கத்துப் பிள்ளையாக இருந்தாலும், வாட்ஸ்அப்பில் குரல் பதிவு போட்டுக் கேட்பது அநேகமாக ஒரே கேள்விதான்: "அக்கா, ஹியூமன் பயோலஜி எடுக்கச் சொல்கிறார்கள், நான் ஏ.எல். பயோ செய்த ஆள்தானே, சும்மா பாஸாகும்தானே?" சும்மா பாஸாகாது. பாடத்தில் முக்கால்வாசி உங்களுக்குத் தெரிந்ததுதான், அதில் சந்தேகமே வேண்டாம். ஆட்கள் விழுவது அந்தப் பாடம் நடக்கிற விதத்தில்.

முதலில் எந்தப் பாடம் என்று பாருங்கள், ஏனென்றால் காசு போவது இங்கேதான். ஒரே மாதிரிப் பெயரில் மூன்று சங்கதி இருக்கிறது. விஞ்ஞானம் படிக்காத மாணவர்களும் எடுக்கக்கூடிய பொதுவான அறிமுக மனித உயிரியல் ஒன்று. நேர்சிங், சுகாதாரத் துறைப் படிப்புகளுக்கு உள்ளே வரும் அனட்டமி அண்ட் பிசியோலஜி இன்னொன்று. மூன்றாவது, கல்லூரிக்குள் போவதற்கே தகுதியாகக் கேட்கப்படும் 11 அல்லது 12ஆம் வகுப்பு உயிரியல். முதலாவதைப் படித்து நல்ல புள்ளியும் எடுத்துவிட்டு, நேர்சிங்குக்குப் போய் நின்றால் இரண்டாவதைத் திரும்பப் படி என்பார்கள். ஆகவே நீங்கள் கடைசியில் சேர நினைக்கும் படிப்பின் பக்கத்தைத் திறந்து, அதில் எந்தப் பாடக் குறியீடு எழுதியிருக்கிறது என்று பார்த்த பிறகு கட்டணத்தைக் கட்டுங்கள். சந்தேகம் இருந்தால் அனுமதிப் பிரிவுக்கு மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள், பதில் எழுத்தில் கையில் இருக்கும். 12ஆம் வகுப்புப் பாடம்தான் தேவை என்றால், நிரந்தர வதிவிடமோ அகதி அந்தஸ்தோ உள்ளவர்கள் தனியார் வகுப்புக்கு ஓட வேண்டாம், அரசப் பாடசாலைச் சபைகள் வளர்ந்தோருக்கு நடத்தும் வகுப்புகள் பெரும்பாலும் இலவசம்.

ஏ.எல். பெறுபேறு இருந்தால் சில இடங்களில் அந்த 12ஆம் வகுப்புத் தகுதியே தேவைப்படாது. ஆனால் சான்றிதழை மதிப்பீடு செய்து கொண்டுவரச் சொல்வார்கள், சில மதிப்பீட்டு நிறுவனங்கள் பரீட்சைத் திணைக்களத்திலிருந்து நேராக வந்த பிரதியைத்தான் ஏற்கும். ஊரில் இருக்கும் அப்பாவையோ தம்பியையோ இதற்கு ஓட வைக்க வேண்டிவரும், ஆகவே சுட்டெண்ணையும் பரீட்சை ஆண்டையும் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, கடவுச்சீட்டில் வேறு எழுத்து என்றால் அதையும் பறப்பதற்கு முன்பே சரிசெய்வது நல்லது.

சரி, வகுப்புக்கு வருவோம். நமக்குப் பழக்கம் என்ன? இரண்டு வருடம் ரியூசன், கட்டுக்கட்டாகப் பாஸ்ட் பேப்பர், பிறகு ஒரே பரீட்சை, முதலாம் தாளில் 50 பல்தேர்வு. அதுவரைக்கும் தூங்கி எழும்பினாலும் கடைசி மூன்று மாதத்தில் பிடித்துவிடலாம் என்று ஒரு நம்பிக்கை. அங்கே ஒரு செமஸ்டர் முழுக்கவே 14, 15 கிழமைதான். முதல் நாள் தரும் பாடத் திட்டத் தாளில் எந்தக் கிழமை எந்த அத்தியாயம், எந்தக் குவிஸுக்கு எத்தனை வீதம், லாப் அறிக்கை எப்போது கொடுக்க வேண்டும் என்று எல்லாம் இருக்கும். அந்தத் தாளை வாசிக்காமல் விடுகிறவர்கள்தான் நடுப்பரீட்சைக்கு முன்னமே கால்வாசிப் புள்ளியை விட்டுவிட்டு நிற்பார்கள். நாலு புள்ளிக் குவிஸ்தானே என்று நினைக்காதீர்கள், அப்படி ஐந்து சேர்ந்தால் 20.

கேள்வி கேட்கும் விதமும் வேறு. பிரசாரணத்தின், அதாவது மென்சவ்வைக் கடந்து நீர் நகர்வதன், வரைவிலக்கணம் எழுது என்று கேட்க மாட்டார்கள். நோயாளி ஒருவருக்கு நாளத்தின் வழியாக வெறும் தூய நீரை ஏற்றினால் செங்குழியங்களுக்கு என்ன நடக்கும் என்பார்கள். நீர் உள்ளே போய்க் கலங்கள் ஊதி வெடிக்கும், அதனால்தான் ஆசுபத்திரியில் 0.9 வீதம் உப்புள்ள சேலைன் ஏற்றுகிறார்கள் என்று அங்கே வரை உங்கள் மூளை ஓட வேண்டும். வரைவிலக்கணத்தை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு நாலு விடையும் சரிபோலத்தான் தோன்றும். நமக்கு இதில் ஒரு வசதி உண்டு, டெங்கு வந்து வார்டில் கிடந்தவர்களுக்குப் பிளேட்லட் என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சாதாரணமாக ஒரு மைக்ரோலீற்றரில் 150,000 முதல் 450,000 வரை, அது இறங்க இறங்க அம்மா ஏன் அழுதா என்பதும் தெரியும். குருதி அத்தியாயத்தை அந்த ஞாபகத்தோடு படியுங்கள்.

பாடம் முழுவதையும் கட்டி வைத்திருக்கும் ஒரு விடயம் ஹோமியோஸ்டாசிஸ், நம் புத்தகத்தில் ஒருசீர்த்திடநிலை, அதாவது வெளியே என்ன மாறினாலும் உடம்பு தன் உள்நிலையைச் சீராக வைத்திருப்பது. முதல் கிழமையே வரும், கடைசிப் பரீட்சை வரைக்கும் விடாது. மாரி மழைக்கு வாவி பெருகி ஊருக்குள் தண்ணி ஏறும்போது பாலமீன்மடுவில் முகத்துவாரத்து மணலை வெட்டிவிடுகிறோம், மட்டம் இறங்குகிறது, பிறகு கடலே மணலைக் கொண்டுவந்து மூடிவிடுகிறது, எதிர்ப்பின்னூட்டம் என்பது அவ்வளவுதான். சோறு சாப்பிட்டதும் குருதியில் குளுக்கோசு ஏறும், சதையி இன்சுலினை விடும், ஈரலும் தசையும் குளுக்கோசை எடுத்துக்கொள்ளும், அளவு இறங்கியதும் இன்சுலினும் குறையும். பசியில் இருந்தால் குளூக்ககன் வந்து ஈரலில் இருப்பதை வெளியே எடுக்கும். உடல் வெப்பம், குருதி அமுக்கம், கல்சியம் எல்லாம் இதே கதை. முதல் பனிக்காலத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது விரல் வெளிறி உடம்பு நடுங்குமே, தோலுக்குப் போகும் குருதிக்குழாய் சுருங்குவதும் தசை நடுங்கி வெப்பம் உண்டாக்குவதும்தான் அது, உள்ளே 37 பாகையைக் காப்பாற்றும் வேலை. பிரசவத்தில் ஒட்சிற்றோசின் மட்டும் எதிர்மாறாக, வலி வர வர இன்னும் கூடச் சுரக்கும். அதை நேர்ப்பின்னூட்டத்துக்கு உதாரணமாகக் கேட்பார்கள், கட்டாயம் கேட்பார்கள்.

எண்களையும் விடாதீர்கள். இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து ஒரு நாளைக்குக் குருதியிலிருந்து 180 லீற்றர் அளவு நீர்மத்தை வடிக்கும், வெளியே போவது ஒன்று இரண்டு லீற்றர்தான். மிச்சம் எங்கே, எப்படித் திரும்ப உறிஞ்சப்படுகிறது என்பதுதான் அந்த அத்தியாயமே.

ஆங்கிலம் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தமிழில் படித்த கலம், இழையம், நாடி, நாளம் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் அவர்கள் சொல்லும் பெயரை எழுதி ஒரு கொப்பி வைத்திருங்கள், இரண்டு மாதத்தில் அது தேவைப்படாது. தமிழ்நாட்டு வீடியோ பார்த்தால் திசு, தமனி, சிரை என்று வரும், குழம்ப வேண்டாம்.

லாப் பற்றித்தான் நிறையப் பேர் கேட்பதில்லை, ஆனால் சிக்கல் அங்கேதான். வரவு கட்டாயம், ஒன்றைத் தவறவிட்டால் அந்தப் புள்ளி போனது போனதுதான். செருப்புப் போட்டுக்கொண்டு போனால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள், மூடிய சப்பாத்து வேண்டும், முடி கட்டியிருக்க வேண்டும். வெட்டிப் பார்ப்பதற்கு ஆட்டின் இதயம் வரலாம், சில இடங்களில் பிறக்காத பன்றிக்குட்டி வரும். காத்தான்குடி, சம்மாந்துறைப் பக்கத்து முஸ்லிம் பிள்ளைகள் இதைக் கண்டு வகுப்பையே விட்டுவிடப் பார்த்திருக்கிறார்கள், மச்சம் தொடாத வீட்டுப் பிள்ளைகளும்தான். விட வேண்டியதில்லை. முதல் கிழமையே ஆசிரியரிடம் போய் விடயத்தைச் சொன்னால் மாதிரி உருவோ கணினியில் செய்வதோ என்று பெரும்பாலும் வேறு வழி தருவார்கள், வெட்டுகிற நாளன்று மூலையில் நின்று முகம் சுளித்தால் ஒன்றும் நடக்காது. அறிக்கையில் ஒரு எச்சரிக்கை: குழுவாக அளந்த தரவு எல்லோருக்கும் ஒன்றாக இருக்கலாம், எழுதுவது தனித்தனியாக இருக்க வேண்டும். ஊரில் கொப்பியைக் கொடுத்து உதவுவது நல்ல பழக்கம், அங்கே கொடுத்தவர், பார்த்து எழுதியவர் இருவருக்கும் பூச்சியம் விழும், பதிவிலும் ஏறும்.

ஆசிரியரைச் சேர், மிஸ் என்று கூப்பிட்டால் சிரிப்பார்கள், பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னால் கூப்பிடுங்கள், மரியாதைக்குறைவு இல்லை. மாணவர்களைச் சந்திக்க என்று அவர்கள் ஒதுக்கும் நேரத்தில் போய்க் கேள்வி கேளுங்கள். நம்மில் பலர் போவதே இல்லை, தெரியாது என்று காட்டிக்கொள்ள வெட்கம். போகிறவருக்கு எந்தப் பகுதி பரீட்சைக்கு முக்கியம் என்பதும் தானாகத் தெரிந்துவிடும்.

புத்தகம் புதிதாக வாங்கினால் நூறு டொலருக்கு மேல் போகும். ஆசிரியர் குறிப்பிட்ட பதிப்புத்தான் வேண்டுமா என்று கேட்டுவிட்டு, பழைய பதிப்போ நூலகப் பிரதியோ எடுங்கள், ஓபன்ஸ்டாக்ஸ் தளத்தில் உடலமைப்பு, உடற்றொழிலியல் புத்தகம் முழுதாக இலவசமாகவே இருக்கிறது. இரவு வேலை முடித்து விடிய எட்டு மணி லாப்புக்கு வருவேன் என்று மட்டும் திட்டம் போடாதீர்கள், சர்வதேச மாணவர்களுக்கு வெளியில் கிழமைக்கு 24 மணித்தியாலம்தான் அனுமதி, அந்த 24ஐயும் லாப் நாளுக்கு முந்திய இரவில் வைக்க வேண்டாம்.

நடுப்பரீட்சையில் மோசமாகப் போனால், பாடத்தை விட்டு விலகும் கடைசித் திகதி எது என்று உடனே பாருங்கள். அதற்குள் விலகினால் பதிவில் விலகியதாக மட்டும் இருக்கும், சராசரியில் சேராது. அதேநேரம் கல்விக் கடனோ மாணவர் விசாவோ இருந்தால் முழுநேர மாணவர் என்ற கணக்குக் குறைந்துவிடுமா என்று ஆலோசகரிடம் கேட்டுவிட்டு விலகுங்கள். பாஸாகிவிட்டீர்கள் என்றால் அந்தப் பாடத் திட்டத் தாளைக் கணினியில் பத்திரமாக வையுங்கள். பிறகு வேறு கல்லூரிக்கோ பல்கலைக்கழகத்துக்கோ போய் இந்தப் பாடத்தைக் கணக்கில் எடுங்கள் என்று கேட்கும்போது பெறுபேற்றோடு அதையும் கேட்பார்கள், சில நேர்சிங் படிப்புகள் பாடம் படித்து எத்தனை வருடம் ஆயிற்று என்பதையும் பார்க்கும்.