ஜோ ஹாரியட்டைக் கேட்கத் தொடங்குவது எப்படி

முதலில் ஒன்று, அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் மேதையின் பெயரைச் சொல்லி, 'இங்கிலாந்தின் சார்லி பார்க்கர்' என்று யாராவது ஹாரியட்டை அறிமுகம் செய்தால் அதை அப்படியே ஒதுக்கிவிடுங்கள். 1928-இல் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்து, ஆல்ஃபா பள்ளியில் வாத்தியம் பழகி, 1951-இல் லண்டனுக்குக் குடியேறிய ஜாஸ் ஆல்டோ சாக்ஸபோன்காரர் இவர். பார்க்கரின் சாயல் தொடக்க காலத்தில் உண்டுதான், ஆனால் அங்கேயே நின்றுவிட்டவர் அல்ல.

நேராக 1960-இல் பதிவான 'ஃப்ரீ ஃபார்ம்' தொகுப்புக்குப் போங்கள். முதல் தடவை ஹாரியட்டை விட்டுவிட்டு, கோல்ரிட்ஜ் குட்டின் டபுள் பாஸ் வாத்தியத்தை மட்டும் பிடித்துக்கொண்டு கேளுங்கள். ஸ்வரக்கோப்பு, தாளம், மெட்டு எல்லாம் நினைத்த இடத்தில் கழன்றுபோகும், திடீரென்று எல்லாரும் பேசுவதை நிறுத்தியதுபோல ஒரு மௌனம் வரும், அதுவும் வாசிப்புதான். இரண்டாம் தடவை ஷேக் கீனின் டிரம்பெட்டும் ஆல்டோவும் ஒன்றையொன்று எப்படிச் சீண்டுகின்றன என்று கவனியுங்கள். அமெரிக்க ஃப்ரீ ஜாஸ் சாக்ஸபோன்காரர் ஆர்னெட் கோல்மனைப் பார்த்துச் செய்தது என்பார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை, இது கூட்டமாக உரையாடுகிற இசை.

சரி, அப்புறம் 1966-இன் 'இந்தோ-ஜாஸ் சூட்'. கல்கத்தாவில் பிறந்த ஜான் மேயர் எழுதியது, சிதாரும் தபலாவும் உண்டு. ராகம் பழகிய நம் காதுக்கு இது எளிது, அதனாலேயே இதில் தொடங்க வேண்டாம் என்கிறேன். ஹாரியட் கடைசிக் காலத்தில் வாய்ப்புகள் வற்றிப்போய், 1973 ஜனவரியில் 44 வயதில் இறந்தார். 'அப்ஸ்ட்ராக்ட்' தொகுப்பை இதற்கெல்லாம் பிறகு, ஹெட்ஃபோனில் கேளுங்கள்.