மைக்ரோபிளாஸ்டிக்கை எண்ணும்போது நடக்கும் தவறுகள்

ஆற்று நீரில், கடற்கரை மணலில் மைக்ரோபிளாஸ்டிக் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கக் கிளம்புகிறவர்கள் பலரும் மறந்துவிடுவது தாங்கள் போட்டிருக்கும் சட்டையை. பாலியெஸ்டர் துணியிலிருந்து உதிர்ந்த இழை மாதிரிக்குள் விழுந்துவிட்டால், அது ஆற்றில் வந்ததா உங்கள் தோளிலிருந்து வந்ததா என்று அப்புறம் யாராலும் சொல்ல முடியாது. அதனால் பருத்தி உடை, கண்ணாடி அல்லது உலோகப் பாத்திரம், எந்நேரமும் மூடி. கூடவே, வடிகட்டிய சுத்தமான நீரை எடுத்து, உண்மையான மாதிரிக்குச் செய்யும் எல்லாவற்றையும் அதற்கும் செய்து, அதில் எத்தனை துகள் வருகிறது என்று பார்த்தே ஆகவேண்டும். அந்த எண்ணிக்கையைச் சொல்லாத அறிக்கையை நான் நம்புவதில்லை.

அடுத்தது வலை. 5 மில்லிமீட்டருக்குக் குறைவான துண்டுகளைத்தான் பொதுவாக மைக்ரோபிளாஸ்டிக் என்கிறோம், ஆனால் கடல் மேற்பரப்பில் இழுக்கும் மாண்டா வலையின் கண் பெரும்பாலும் 0.3 மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும், அதைவிடச் சின்னத் துகள்களும் மெல்லிய இழைகளும் நழுவிப் போய்விடும். துகள் சிறுக்கச் சிறுக்க எண்ணிக்கை ஏறும் என்பதால், ஒருவர் வலையில் அள்ளியதையும் இன்னொருவர் வாளியில் மொண்டு நுண்வடிகட்டியில் ஊற்றியதையும் பக்கத்தில் வைத்து 'இந்த ஆறுதான் மோசம்' என்று எழுதுவது தவறு.

மணலைச் சாதாரண உப்புக் கரைசலில் கலக்கி, மிதப்பதை மட்டும் எடுப்பதும் அப்படித்தான். அதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.2 கிராம், குழாய் செய்யும் பிவிசி, தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் (PET) இரண்டும் 1.38-ஐ ஒட்டி இருப்பதால் அடியிலேயே தங்கிவிடும். அவற்றையும் பிடிக்க ஜிங்க் குளோரைடு போன்ற கனமான கரைசல் வேண்டும்.

நுண்ணோக்கியில் நீலமாகத் தெரிந்தால் பிளாஸ்டிக் என்று முடிவு கட்டாதீர்கள், சாயமேற்றிய பருத்தி இழையும் அப்படியே இருக்கும். பிளாஸ்டிக்கை ஒளிரவைத்துக் காட்டப் பயன்படுத்தும் நைல் ரெட் சாயம் இயற்கைக் கொழுப்பையும் ஒளிரவைக்கும். ஒரு பகுதித் துகள்களையாவது, பொருள் எது என்று ஒளியைக் கொண்டு காட்டும் அகச்சிவப்பு அல்லது ராமன் நிறமாலையில் உறுதிசெய்யுங்கள்.

கடைசியாக, எண்ணிக்கையை எடையாக மாற்றுவது. விட்டம் பத்தில் ஒன்றானால் எடை ஆயிரத்தில் ஒன்றாகிவிடும், ஆகவே சராசரி அளவைக் கொஞ்சம் தவறாக வைத்தாலும் கணக்கு எங்கேயோ போய்விடும். வாரம் 5 கிராம், அதாவது ஒரு கிரெடிட் கார்டு அளவு பிளாஸ்டிக்கை உட்கொள்கிறோம் என்று 2019-இல் பரவிய செய்தி இப்படி மாற்றிக் கிடைத்ததுதான். 2021-இல் வந்த ஒரு மதிப்பீடு அதைவிடச் சுமார் பத்து லட்சம் மடங்கு குறைவு. எடையை எழுதினால், எந்த அளவுத் துகளை வைத்துக் கணக்கிட்டீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.