சீன வாடிக்கையாளருக்கு முகக்கிரீம் விற்பது: விலை போடும் முன் வரியைப் பாருங்கள்

2008-இல் மெலமைன் கலந்த பால் பவுடரால் சீனாவில் சுமார் 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். வெளிநாட்டுப் பால் பவுடரை அங்குள்ளவர்கள் தேடித்தேடி வாங்கத் தொடங்கியதற்கு அது பெரிய காரணம். இன்று முகக்கிரீம், விட்டமின் மாத்திரை வாங்குபவரும் முதலில் பார்ப்பது சரக்கு அசலா என்பதைத்தான். அதனால் வெளிநாட்டிலிருந்து ஆன்லைனில் சீனாவுக்கு விற்பவரின் முதல் வேலை, பிராண்ட் பெயரைச் சீனாவில் பதிவு செய்வது. அங்கே முதலில் விண்ணப்பித்தவருக்கே பெயர் சொந்தம். பிராண்ட் பதிவில் அழகுசாதனம் 3-ஆம் வகுப்பில் வரும். சீன எழுத்தில் ஒரு பெயர் வைத்து அதையும் சேர்த்தே பதியுங்கள்; விட்டால் வேறொருவர் பதிந்துவிடுவார்.

அடுத்தது, சரக்கு எந்த வழியில் போகிறது என்பது. ஒவ்வொரு ஆர்டரையும் வெளிநாட்டிலிருந்தே பார்சலாக அனுப்புவது, சீன கஸ்டம்ஸின் குறியீட்டில், 9610 முறை. மொத்தமாகக் கொண்டுபோய் ஹாங்சோ, நிங்போ போன்ற ஊர்களின் பாண்டட் குடோனில் (வரி கட்டும் முன் சரக்கை வைக்கும், கஸ்டம்ஸ் கண்காணிப்பில் உள்ள குடோன்) வைத்து, ஆர்டர் வர வர வெளியே எடுப்பது 1210 முறை. இதில் டெலிவரி வேகமாக நடக்கும். ஆனால் விற்காமல் தேங்கினால் அதை உள்ளூர்க் கடைக்குத் தள்ளிவிட முடியாது. புதுப் பொருளை 9610-இல் ஓட்டிப் பார்த்துவிட்டு, எது நகர்கிறதோ அதை மட்டும் குடோனுக்கு அனுப்புங்கள். இரண்டு முறைக்குமே பொருள் அரசின் அனுமதிப் பட்டியலில் இருக்க வேண்டும்.

பலர் சறுக்குவது விலையில். ஒரு ஆர்டர் 5,000 யுவானுக்குள், ஒருவரின் ஆண்டுக் கொள்முதல் 26,000 யுவானுக்குள் இருந்தால் சுங்கத் தீர்வை கிடையாது. 13% வாட் வரியில் 70% மட்டும், அதாவது 9.1% கட்டினால் போதும். ஆனால் அழகுசாதனம் மில்லிக்கு 10 யுவானைத் தொட்டால் 15% நுகர்வு வரியும் (இதிலும் 70%தான், ஆனால் வரிக்கு மேல் வரியாகக் கணக்கு ஏறும்) சேர்ந்து, மொத்த வரி சுமார் 23.1% ஆகிவிடும். இந்தக் கணக்கில் ஷிப்பிங்கும் இன்சூரன்ஸும் அடக்கம்.

50 மில்லி கிரீம் 490 யுவான், ஷிப்பிங் இலவசம் என்றால் மில்லிக்கு 9.8, வரி சுமார் 44.6 யுவான். அதே கிரீமுக்கு ஷிப்பிங் 20 யுவான் தனியாக வாங்கினால் 510 ஆகி, மில்லிக்கு 10.2, வரி சுமார் 117.6 யுவான். 20 யுவானுக்காக வாங்குபவர் தலையில் 73 யுவான் கூடுதல் வரி! ஷிப்பிங்கையும் சேர்த்தே 490-க்குள் நிறுத்துங்கள், அல்லது டப்பாவை 55 மில்லி ஆக்குங்கள். ஷீட் மாஸ்க்குக்கு எல்லை ஒரு ஷீட்டுக்கு 15 யுவான். 10 ஷீட் பெட்டியை 150-க்கு விற்காதீர்கள், 145-க்கு விற்கலாம்.

ஆர்டர், பணம், பார்சல் ஆகிய மூன்றின் விவரமும் கஸ்டம்ஸுக்குத் தனித்தனியாகப் போகும். வாங்குபவரின் பெயரும் அடையாள எண்ணும் பொருந்தாவிட்டால் பார்சல் நின்றுவிடும். ஆண்டு வரம்பு தீர்ந்தவர் வீட்டில் இன்னொருவரின் எண்ணைக் கொடுக்கப் பார்ப்பார். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். சீனாவின் பெரிய ஆன்லைன் விற்பனை நாளான நவம்பர் 11 தள்ளுபடிக்குப் பிறகு இந்தத் தொல்லை கூடும். ஜனவரி 1-இல் வரம்பு புதிதாகத் தொடங்கும்.

ரிட்டர்ன் என்றால் கஸ்டம்ஸ் விடுவித்த 30 நாளுக்குள் விண்ணப்பம், 45 நாளுக்குள் சரக்கு குடோனுக்குள். சீல் உடைந்த கிரீமை மறுபடி விற்க முடியாது என்பதைப் பொருளின் பக்கத்திலேயே சீன மொழியில் எழுதி வையுங்கள்.