பக்கம் திறக்கும் முன்பே பிரவுசர் நின்றுவிடுகிறதா? எதையும் அழிக்காமல் காரணத்தைக் கண்டுபிடிக்கும் வழி

முகவரியைத் தட்டி என்டர் அழுத்துகிறீர்கள். டேப்பில் வட்டம் சுற்றுகிறது, திரை வெள்ளையாகவே இருக்கிறது. ஐந்து, பத்து விநாடி கழித்துப் பக்கம் முழுவதும் ஒரே மூச்சில் வந்துவிடுகிறது. அந்த வேகத்தைக் கவனியுங்கள். இணைப்பு மெதுவாக இருந்தால் படங்களும் எழுத்தும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும். நின்றுவிட்டுப் பிறகு பாய்ந்து வருகிறது என்றால், பிரவுசர் யாரிடமோ ஏதோ கேட்டிருக்கிறது, பதில் வரவில்லை, கெடு முடிந்ததும் வேறு வழியில் போயிருக்கிறது என்று பொருள்.

அலுவலகக் கணினிகளைப் பராமரிப்பது என் வேலை. இந்தப் புகாரோடு வருகிறவர்களில் பலர் ஹிஸ்டரி, குக்கீ, சேமித்து வைத்த பாஸ்வேர்டு எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் வருகிறார்கள். பழுது அங்கே இருப்பதே அபூர்வம். வருடக்கணக்கில் சேர்த்ததை இப்படி இழந்துவிட்டு நிற்பதைப் பார்க்க எனக்கு வேதனையாக இருக்கும். ஆகவே முதலில் அளந்து பாருங்கள்.

தொடக்கத்தில் இரண்டு கேள்விகள். அதே கணினியில் வேறொரு பிரவுசரும் இப்படி நிற்கிறதா? அதே வைஃபையில் இருக்கும் போனும் நிற்கிறதா? ஒரு பிரவுசர் மட்டும் என்றால் கோளாறு அதன் அமைப்பிலோ எக்ஸ்டென்ஷனிலோ (பிரவுசரில் நாம் சேர்க்கும் துணைச் செயலி) இருக்கும். கணினி முழுக்க என்றால் ப்ராக்ஸி (இணையத்துக்கும் கணினிக்கும் நடுவே நிற்கும் இடைநிலை சர்வர்), விபிஎன், ஆன்டிவைரஸ் பக்கம் பாருங்கள். வீட்டில் எல்லாக் கருவிகளும் என்றால் ரௌட்டர் அல்லது டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை). ஒரே ஒரு தளம் மட்டும் என்றால் பெரும்பாலும் அந்தத் தளத்தின் சர்வர்தான் திணறுகிறது. நீங்கள் செய்வதற்கு அதிகம் இல்லை.

அடுத்து, காத்திருக்கும்போது திரையின் இடது கீழ் மூலையைப் பாருங்கள். குரோமில் ‘ரிசால்விங் ஹோஸ்ட்’, ‘எஸ்டாப்ளிஷிங் செக்யூர் கனெக்ஷன்’, ‘வெயிட்டிங் ஃபார்’ என்று சிறிய எழுத்தில் வரும். ஃபயர்ஃபாக்ஸில் ‘லுக்கிங் அப்’ என்பது பெயர் தேடும் கட்டம். எந்த வாசகத்தில் நிற்கிறதோ அங்கேதான் சிக்கல்.

துல்லியமாகத் தெரிய வேண்டுமா? எஃப்12 அழுத்தி ‘நெட்வொர்க்’ பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தைத் திறங்கள். பட்டியலின் முதல் வரியைச் சொடுக்கி ‘டைமிங்’ பாருங்கள். ஒவ்வொரு கட்டமும் எவ்வளவு நேரம் எடுத்தது என்று மில்லி விநாடியில் இருக்கும். இங்கே பலர் கவனிக்காத ஒன்று: அதே பக்கத்தை ரீலோட் செய்து அளந்தால் தாமதம் மறைந்துவிடும். ஒரு முறை தேடிய பெயரைக் கணினி கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கும், திறந்த இணைப்பையும் பிரவுசர் உடனே மூடாது. ஆகவே ஒவ்வொரு முறையும் அண்மையில் போகாத புதிய தளம் ஒன்றை வைத்து அளந்து பாருங்கள்.

‘டிஎன்எஸ் லுக்கப்’ வரி நீண்டிருந்தால்: தளத்தின் பெயருக்குரிய எண் முகவரியைச் சொல்ல வேண்டிய சர்வர் பதில் தரவில்லை. கணினியின் டிஎன்எஸ் பட்டியலில் முதலில் உள்ள சர்வர் செத்திருந்தால், கணினி கெடு முடியும் வரை காத்திருந்துவிட்டுத்தான் இரண்டாவதிடம் கேட்கும். லினக்ஸில் வழக்கமான கெடு 5 விநாடி. தாமதம் சரியாக ஐந்து ஐந்தாக வந்தால் எனக்கு உடனே இந்தச் சந்தேகம்தான் வரும். மாற்றிப் பார்ப்பது எளிது. விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், ‘நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்’, உங்கள் இணைப்பின் பண்புகள் என்று போய், ‘டிஎன்எஸ் சர்வர் அசைன்மென்ட்’ வரியில் எடிட் செய்து மேனுவல் தேர்ந்தெடுங்கள். கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1, 1.0.0.1 அல்லது கூகுளின் 8.8.8.8, 8.8.4.4 இடலாம். முன்பு என்ன இருந்தது என்பதை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனக் கணினியில் இதைத் தொடாதீர்கள். உள் தளங்களின் பெயர்கள் நிறுவனத்தின் டிஎன்எஸ்ஸுக்கு மட்டுமே தெரியும்.

ஒரு பிரவுசர் மட்டும் பெயர் தேடும் கட்டத்தில் நிற்கிறது என்றால் அதன் சொந்த ‘செக்யூர் டிஎன்எஸ்’ அமைப்பைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு போனில் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ என்ற இடத்தில் எப்போதோ தட்டி வைத்த ஒரு பெயர் செயலிழந்திருந்தாலும் இதே கதிதான்.

ரௌட்டரை அணைத்துப் போட்டால் சரியாகி, சில நாளில் திரும்பவும் வருகிறதா? பல வீடுகளில் கணினி டிஎன்எஸ் கேள்வியை ரௌட்டரிடம்தான் கேட்கிறது, ரௌட்டர் அதை மேலே அனுப்புகிறது. அந்த இடைத்தரகு வேலையில் அது தடுமாறலாம். கணினியிலேயே நேரடியாக டிஎன்எஸ் இட்டால் ரௌட்டரை மாற்றாமலே பிரச்சினை தீர வாய்ப்பு உண்டு.

டிஎன்எஸ் வரிக்கும் முன்பே நேரம் போகிறது, அல்லது கீழே ப்ராக்ஸி என்ற சொல் தெரிகிறது என்றால், விண்டோஸின் ப்ராக்ஸி பக்கத்துக்குப் போங்கள். ‘ஆட்டோமேட்டிக்கலி டிடெக்ட் செட்டிங்ஸ்’ இயக்கத்தில் இருந்தால், இந்த நெட்வொர்க்கில் ப்ராக்ஸி இருக்கிறதா என்று கணினி தேடும். இல்லாத ஒன்றைத் தேடிக் காத்திருப்பதும் தாமதம்தான். வீட்டில் ப்ராக்ஸி இல்லையென்றால் அதை அணைத்துவிடுங்கள். குரோமும் எட்ஜும் இந்த அமைப்பைத்தான் பின்பற்றுகின்றன. ஃபயர்ஃபாக்ஸ் தன் செட்டிங்ஸின் அடியில் தனியாக ஒன்று வைத்திருக்கிறது. நீக்கிய விபிஎன் செயலி விட்டுப்போன ப்ராக்ஸி முகவரி கீழே மேனுவல் பகுதியில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

‘இனிஷியல் கனெக்ஷன்’ நீண்டால் ஐபிவி6 (இணைய எண் முகவரியின் புதிய வகை; பழையது ஐபிவி4) பாதை உடைந்திருக்கக்கூடும். இன்றைய பிரவுசர்கள் ஐபிவி6 பதில் தராவிட்டால் நொடிக்குள் ஐபிவி4-க்கு மாறிவிடும் என்பதால் இது முன்பு போல் தொல்லை தருவதில்லை. சோதனைக்காக ஐபிவி6-ஐ அணைத்துப் பாருங்கள், நிரந்தரமாக அணைக்க வேண்டாம். பழுதை ரௌட்டரிலோ இணையச் சேவை தருபவரிடமோதான் தீர்க்க வேண்டும்.

‘எஸ்எஸ்எல்’ வரியில், அதாவது பாதுகாப்பான இணைப்பை அமைக்கும் கட்டத்தில் நின்றால், என் முதல் சந்தேகம் ஆன்டிவைரஸின் ஹெச்டிடிபிஎஸ் ஸ்கேன் (பாதுகாப்பான இணைப்புக்குள்ளும் சோதிக்கும்) வசதி. அதை மட்டும் சற்று நிறுத்திவிட்டு அளந்து பாருங்கள். சில தளங்கள் மட்டும் இதே கட்டத்தில் தொங்கினால் எம்டியு அளவை, அதாவது ஒரு தரவுப் பொட்டலம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற வரம்பைப் பாருங்கள். பிபிபிஓஇ (பயனர் பெயர், பாஸ்வேர்டு கொடுத்து ரௌட்டர் இணையும் முறை) இணைப்பில் 1500 பைட்டில் 8 பைட் போய் 1492 தான் மிஞ்சும். ரௌட்டரில் 1500 என்றே இருந்தால் பெரிய பொட்டலங்கள் வழியில் தொலையலாம்.

எக்ஸ்டென்ஷனைச் சோதிக்க இன்காக்னிடோ சாளரம் போதும். நீங்கள் தனியாக அனுமதித்தவை தவிர மற்றவை அங்கே இயங்காது. அங்கே வேகமாக இருந்தால், பாதி எக்ஸ்டென்ஷன்களை அணைத்துப் பாருங்கள், பிறகு மீதியில் பாதி. அழிக்கத் தேவையில்லை, அணைத்தால் போதும். அதுவும் உதவவில்லை என்றால் புதிய புரொஃபைல் ஒன்றை உருவாக்கித் திறந்து பாருங்கள். பழைய புரொஃபைல் அப்படியே இருக்கட்டும்.

‘வெயிட்டிங் ஃபார் கேச்’ என்று நின்றால் மட்டும் கேச்சை (பக்கங்களின் படம், கோப்புகளைப் பிரவுசர் சேமித்து வைக்கும் இடம்) அழியுங்கள். அழிக்கும் பெட்டியில் ‘கேச்டு இமேஜஸ் அண்ட் ஃபைல்ஸ்’ என்ற ஒன்றுக்கு மட்டும் டிக் இருக்கட்டும். குக்கீ, பாஸ்வேர்டு இரண்டின் டிக்கையும் எடுத்துவிட்ட பிறகே பொத்தானை அழுத்துங்கள்.