ஈரப்பலாவை நட்டு, பதம் பார்த்துப் பறித்துச் சமைக்கும் முறை

கறிப்பலா, சீமைப்பலா என்றும் வழங்கப்படும் ஈரப்பலாவில், உணவுக்காக வளர்க்கப்படும் வகைகள் பெரும்பாலும் விதையற்றவை என்பதால், பக்கவேரிலிருந்து எழும் கன்றையோ வேர்த்துண்டையோ கொண்டுதான் மரத்தைப் பெருக்க வேண்டும். காய்ப்பு ஓய்ந்து புதுத் தளிர் விடுவதற்கு முன்னர், பெருவிரல் தடிப்புள்ள வேரை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, ஈரமணலில் படுக்கவைத்து நிழலில் காக்க வேண்டும். முளை எழுவதற்குச் சில வாரங்களோ மாதங்களோ ஆகலாம். பொறுமையிழந்து தோண்டிப் பார்ப்பவர்களே பெரும்பாலும் அதைக் கெடுக்கிறார்கள். 1789-இல் பவுன்டி கப்பலில் நடந்த கலகத்தால் ஈரப்பலாக் கன்றுகளை இழந்த அதன் தலைவர் வில்லியம் பிளை, மறுபயணத்தில் 1793-இல் மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கொண்டுசேர்த்தவையும் விதைகளல்ல, கன்றுகளே.

மழைக்காலத் தொடக்கத்தில், நீர் தேங்காத நிலத்தில், மரத்துக்கு மரம் 10 மீட்டர் இடைவெளி விட்டு நடுவது நல்லது. மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும். மரம் 20 மீட்டர் வரை உயரக்கூடியது. ஆண்டுதோறும் அறுவடைக்குப் பின் கிளைகளைக் கழித்துத் தாழ்வாக வைத்தால்தான் காயைக் கீழே விழவிடாமல் பறிக்க முடியும்.

சுவை முழுவதும் பறிக்கும் பதத்தில் இருக்கிறது. பச்சைப் பளபளப்பு மங்கி, தோலின் கட்டங்கள் சமமாகி, ஆங்காங்கே உலர்ந்த பால் பழுப்புத் துளிகளாகத் தெரிந்தால் காய் முற்றிவிட்டது என்று கொள்ளலாம். காம்புடன் பறித்து, காம்பு கீழ்நோக்கும்படி கவிழ்த்து வைத்தால் பால் வடிந்துவிடும். மூன்று நாளுக்குள் பழுத்துவிடும் என்பதால், உடனே சமைக்க முடியாதபோது நீரில் மூழ்கவைத்தால் சிறிது தாமதிக்கும்.

அவிப்பதைவிடச் சுடுவதே இதற்குப் பொருத்தம் என்பது என் கருத்து. முழுக்காயைத் தணலில் வைத்து, தோல் எல்லாப் பக்கமும் கருகும்படி அடிக்கடி திருப்பிக்கொண்டிருந்தால், ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் காம்புப் பக்கத்திலிருந்து ஆவி சீறிக் கிளம்பும். அதுவே வெந்ததற்கு அடையாளம். கரித்தோலைச் சீவி, நடுத்தண்டை நீக்கினால், புதிதாகச் சுட்ட ரொட்டியின் மணத்தோடு மாவான சதை கிடைக்கும். பச்சையாக நறுக்குவதாயின், கத்தியிலும் கையிலும் எண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும். பால் ஒட்டினால் எளிதில் போகாது. மெல்லிய சீவல்களைப் பொரிக்கலாம், வெயிலில் காயவைத்து மாவாகவும் அரைக்கலாம். கை தவறிப் பழுத்துவிட்டால், அதன் குழைந்த இனிப்புச் சதையைச் சர்க்கரை சேர்க்காமலேயே உண்ணலாம்.